மஞ்சள் விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா எங்க திருத்தணியில முதல்ல கிடைக்கிற உதவி, அதை அணைச்சுக் கொடுக்கிறதுதான். அரக்கோணம் ரோடு பக்கம் ஏதாவது ஒரு ஷெட்டுல வண்டியை நிறுத்துங்க. ஒரு தம்பி கையில ஸ்கேனரோட வருவார், ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகுவார், ரெண்டு பட்டனை அமுக்குவார். "போயிடுச்சுண்ணே, மறுபடியும் வந்தா வாங்க." நூறோ இருநூறோ கொடுத்துட்டு நிம்மதியா கிளம்பிடுவோம். கொஞ்ச நாள்ல விளக்கு திரும்பவும் எரியும். அதுக்குள்ள வாரன்டி தேதி தாண்டியிருந்தா, அந்த இருநூறு ரூபாய் உதவி பல ஆயிரத்துல போய் நிக்கும்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லல. நாம கேட்டதைத்தான் அவர் செய்யறார். நாம கேட்கிறதுதான் தப்பு. விளக்கு எரியும்போது வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவாகிற விவரம் நம்ம கையில இருக்கிற ஒரே சாட்சி. கோளாறைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வேணும், காசு கொடுக்காம வாரன்டியில சரி பண்ணிக்கவும் அதுதான் வேணும். அதை அழிச்சிட்டு சர்வீஸ் சென்டர்ல போய் நின்னா, "இப்ப ஒண்ணும் காட்டல சார், ஓட்டிப் பாருங்க"ன்னு ஒரே வரியில அனுப்பிடுவாங்க.

விளக்கு எதுக்கு எரியுது

இது இன்ஜின் நின்னு போகப் போகுதுன்னு சொல்ற விளக்கு இல்லை. புகை அளவு எல்லை மீறலாம்னு சொல்ற விளக்கு. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தோட பல வருஷம் மல்லுக்கட்டின கலிஃபோர்னியாவுல பிறந்த ஏற்பாடு இது. 1996-லிருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லாக் காருக்கும் வண்டியே தன் கோளாறைக் கண்காணிச்சுக்கிற 'ஓபிடி-2' கட்டாயமாச்சு. நம்ம நாட்டுல பிஎஸ்4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல்லிருந்து இந்த இரண்டாம் கட்ட ஓபிடி வந்தது. 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்5-ஐத் தாண்டி நேரா பிஎஸ்6-க்குக் குதிச்சோம். 2023 ஏப்ரல்ல அதோட ரெண்டாம் கட்டம் வந்து, ஆய்வகத்துல மட்டுமில்லாம ரோட்டுல ஓடும்போதும் புகையை அளக்கணும்னு ஆச்சு. ஒவ்வொரு படியிலயும் வண்டிக்குள்ள சென்சாரும் கண்காணிப்பும் கூடிக்கிட்டே போகுது. முன்னாடி கண்டுக்காம விட்ட சின்னக் கசிவுக்கெல்லாம் இப்ப விளக்கு எரியறதுக்குக் காரணம் இதுதான்.

ஸ்கேனர்ல 'பி0171' மாதிரி ஒரு எண் வரும். 'பி'ன்னா இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த '0' எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, '1' வந்தா அந்தக் கம்பெனியோட சொந்தக் கோடு. மூணாவது இடத்துல 1, 2 வந்தா எரிபொருள்-காற்று விவகாரம். 3 வந்தா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது. 4 வந்தா புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள்.

கோடு எந்தச் சாமான் போச்சுன்னு சொல்லாது. எந்தச் சோதனையில வண்டி தோத்ததுன்னு மட்டும்தான் சொல்லும். தெருவுல கரண்ட் இல்லைன்னு ஈ.பி ஆபீசுக்குப் போன் போற மாதிரி. ஃபியூஸ் போச்சா, டிரான்ஸ்ஃபார்மர் போச்சா, வேப்பமரக் கிளை ஒயர்ல விழுந்திருக்கான்னு ஆள் வந்து பார்த்தாத்தான் தெரியும். பி0420 வந்தா 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாத்தணும்'னு அர்த்தம் இல்லை. புகையைச் சுத்தம் பண்ற அந்தக் கன்வெர்ட்டரோட வேலைத்திறன் குறைவாத் தெரியுதுன்னு அர்த்தம். சைலன்சர் பைப்புல ஒரு ஓட்டை இருந்தாலும், பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் தளர்ந்திருந்தாலும் அதே கோடு வரலாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறதால கன்வெர்ட்டர் விலை அதிகம். அதனால அதை மாத்தச் சொல்றவரிடம் "எதை வச்சு சொல்றீங்க?"ன்னு கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. அது நிஜமாவே போயிருந்தாலும் "ஏன் போச்சு?"ன்னு அடுத்த கேள்வி கேளுங்க. மிஸ்ஃபயரோ, ஆயில் எரியறதோ இருந்தா புதுக் கன்வெர்ட்டரும் அதே வழியில போகும்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையா எரிஞ்சா நிதானமா ஓட்டிட்டு வரலாம். விட்டு விட்டு மின்னினா, மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுடுதுன்னு அர்த்தம். ஆக்ஸிலேட்டரைக் குறைச்சு ஓரங்கட்டிடுங்க.

மச்சான் வண்டி

போன ஆடிக் கிருத்திகை சமயத்துல என் மச்சான் வண்டியில இந்த விளக்கு எரிஞ்சது. பிஎஸ்6 பெட்ரோல் கார், கம்பெனி வாரன்டி இன்னும் பாக்கி. காவடி கூட்டத்துல ஊருக்குள்ள வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனப்ப எரிஞ்சது. ஹைவேயில ஏறினா பிரச்சினையே தெரியல. பெட்ரோல் ஃபுல் பண்ணின உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக இழுக்குதுன்னு சொன்னான்.

"மாமா, ஷெட்டுல அழிச்சிட்டு வந்துடவா?"

"கையை வைக்காதே. முதல்ல படிப்போம்."

ஆன்லைன்ல கிடைக்கிற புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு என்கிட்ட இருக்கு. 16 பின் உள்ள அந்த சாக்கெட் டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழேயே இருக்கும். போன்ல ஒரு ஆப் போட்டா போதும். கோடு: பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதோட சேர்ந்தே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒரு பக்கம் இருக்கும். கோடு பதிவான அந்த நொடியில வண்டி எந்த நிலையில இருந்ததுன்னு அது காட்டும். வேகம் பூஜ்யம், இன்ஜின் 780 ஆர்.பி.எம், கூலன்ட் சூடு 98 டிகிரி. அதாவது கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டோம்.

அடுத்து லைவ் டேட்டா. 'ஃப்யூயல் ட்ரிம்'னு ஒரு கணக்கு இருக்கு. வழக்கத்தை விட எத்தனை சதவீதம் கூடவோ குறைச்சோ பெட்ரோல் விட வேண்டியிருக்குன்னு இன்ஜின் தனக்குத்தானே போடற திருத்தம். அஞ்சு, பத்து சதவீதம் வரைக்கும் போய் வந்தா பயமில்லை. இருபது, இருபத்தஞ்சு பக்கம் போய் நின்னாத்தான் விளக்கு எரியும். இந்த வண்டியில ஐட்லிங்ல குறுகிய காலத் திருத்தமும் நீண்ட காலத் திருத்தமும் சேர்த்து +25. ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 2,500-ல நிறுத்தினா +4.

கோளாறு எங்கேங்கிறது இந்த ரெண்டு எண்லயே தெரிஞ்சுடும். பெட்ரோல் பம்ப் வீக்குன்னா, வேகம் கூடக் கூட திருத்தமும் கூடணும். இங்க தலைகீழ். ஐட்லிங்ல இன்ஜின் இழுக்கிற காத்தே கொஞ்சம்தான், அதுல கள்ளத்தனமா கொஞ்சம் காத்து புகுந்தா கணக்கு பெரிசா கெட்டுப்போகும். வேகத்துல இழுக்கிற காத்து ஏராளம், அதுல அந்தத் திருட்டுக் காத்து கரைஞ்சு போகும். ஆக, எங்கேயோ இன்டேக்ல காத்து கசியுது.

பானெட்டைத் திறந்து எலி கடிச்ச ஹோஸ் இருக்கான்னு பார்த்தோம். மலையடிவாரத்துல நிறுத்தற வண்டிக்கு எலி பெரிய எதிரி, அதை வாரன்டியும் ஏத்துக்காது. ஹோஸ் எல்லாம் சுத்தமா இருந்தது. மிச்சம் பர்ஜ் வால்வ். பெட்ரோல் டேங்க்ல கிளம்பற ஆவி வெளியே போகாம ஒரு கரி டப்பாவுல சேரும், அதுதான் கேனிஸ்டர். இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை உள்ளே இழுத்து எரிக்கிறதுக்கு நடுவுல இருக்கிற கதவுதான் இந்த வால்வ். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டா அது மூடியிருக்கணும்.

மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கேனிஸ்டர் பக்கம் வர்ற ஹோஸை வால்வுலிருந்து கழட்டி, வால்வ் வாயில கட்டைவிரலை வச்சேன். விரலை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. கரண்ட் கனெக்டரையும் உருவிப் பார்த்தோம், அப்பவும் இழுப்பு குறையல. விரலால அழுத்தி மூடின உடனே துடிச்சுக்கிட்டிருந்த ஐட்லிங் அடங்கிச்சு. வண்டி சூடேறினதும் இதே மாதிரி மூடிப் பார்த்தோம், போன்ல +25 மெல்ல இறங்கி +6-ல நின்னுச்சு. வால்வ் திறந்த நிலையிலேயே மாட்டிக்கிச்சு. ஃபுல் டேங்க் போட்டா ஆவி அதிகமா இன்ஜினுக்குள்ள நேரா போய்டும், அதனாலதான் ஸ்டார்ட் ஆக இழுக்குது.

"அப்ப ஏன் மாமா 'பர்ஜ் வால்வ்'னு கோடு வரல?" நல்ல கேள்வி. ஐரோப்பிய வழியில வந்த நம்ம விதிமுறைப்படி அந்த வால்வுக்குக் கரண்ட் சுற்று சரியா இருக்கான்னு பார்த்தாலே போதும். சுற்று சரியா இருந்து கதவு மட்டும் மாட்டிக்கிட்டா, வண்டிக்கு அது பேர் சொல்லத் தெரியாது. விளைவை மட்டும் சொல்லும்.

"பெட்ரோல் சரியில்லை சார்"

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, விளக்கை எரிய விட்டபடியே, சென்னை போற வழியில இருக்கிற ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அட்வைசர் ஸ்கேன் பண்ணிட்டு, "ஃப்யூயல் பிரச்சினை சார். பங்க்ல கலப்படம், எத்தனால் வேற கூட. டேங்க் இறக்கி க்ளீன் பண்ணணும், இன்ஜெக்டர் க்ளீனிங் பண்ணணும். ஃப்யூயல் கம்ப்ளெய்ன்ட் வாரன்டியில வராது" என்றார்.

எத்தனால் இப்ப எல்லாத்துக்கும் கிடைச்ச ஒரு சாக்கு. கணக்கைப் பாருங்க. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். 10 சதவீதம் எத்தனால் கலந்தா 14.1 பக்கம், 20 சதவீதம் கலந்தா 13.5 பக்கம். இ10-லிருந்து இ20-க்கு மாறினா இன்ஜின் நாலு சதவீதம் போல பெட்ரோல் கூட்டி விடணும், அவ்வளவுதான். அதுவும் ஐட்லிங், ஹைவே ரெண்டுலயும் ஒரே மாதிரி தெரியணும். ஐட்லிங்ல மட்டும் 25, ஓட்டத்துல 4-ன்னா அது பெட்ரோல் செஞ்ச வேலை இல்லை.

கலப்படக் கதைக்கும் ஊர்ல பதில் இருக்கு. ஆந்திராவை விட நம்ம பக்கம் பெட்ரோல் விலை குறைவுங்கிறதால நகரி வண்டியெல்லாம் எல்லை தாண்டி வந்து எங்க பங்க்ல நிரப்பிட்டுப் போகுது. அத்தனை வண்டிக்கும் வராத கலப்படம் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் வந்துச்சா?

மச்சான் சண்டை போடல. "சரி சார், பெட்ரோல் சாம்பிள் டெஸ்ட் பண்ணி, அதனாலதான் வாரன்டி மறுக்கறோம்னு ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க" என்றான். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தையும் ரெண்டு ட்ரிம் எண்ணையும் காட்டினான். அட்வைசர் உள்ளே போய் ஒர்க்ஸ் மேனேஜரைக் கூட்டிட்டு வந்தார். அவர் அதே கட்டைவிரல் சோதனையைச் செஞ்சு பார்த்தார். வால்வ் வாரன்டியில மாறிச்சு, பில் பூஜ்யம்.

மறுக்கிறதை எழுதித் தரச் சொல்லும்போது பாதி மறுப்பு தானா கரைஞ்சுடும். வாயால சொன்னதுக்கு யாரும் பொறுப்பு இல்லை, ஜாப் கார்டுல இருக்கிறதுக்குப் பொறுப்பு உண்டு.

"வெளியில தொட்டா வாரன்டி போச்சு"

இந்த பயத்தாலதான் பலர் அடாப்டர் வாங்கக்கூட யோசிக்கிறாங்க. இந்தியாவுல இதுக்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு. ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் கொடுத்த புகார்ல ஆரம்பிச்சு, கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்சையும் ஸ்கேன் பண்ற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம அடைச்சு வச்சிருக்காங்கன்னு இந்தியப் போட்டி ஆணையம் விசாரிச்சது. 2014 ஆகஸ்ட் 25-ல 14 கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நம்ம இருங்காட்டுக்கோட்டையில கார் தயாரிக்கிற ஹூண்டாய் இந்த விசாரணையை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனதால அதோட கணக்கு தனியா வந்தது, 2015 ஜூலையில 420 கோடி.

அபராதத்தை விட நமக்கு முக்கியமானது அந்த உத்தரவுல இருந்த ஒரு நிபந்தனை. வெளி மெக்கானிக்கிட்ட போனாங்கங்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து பண்ணக் கூடாது. வெளியில செஞ்ச தப்பான வேலையால என்ன கெட்டுச்சோ, அதுக்கு மட்டும்தான் வாரன்டியை மறுக்கலாம். மேல்முறையீட்டுல 2016 டிசம்பர்ல தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைச்சாலும், கம்பெனிகள் செஞ்சது தப்புங்கிற முடிவை மாத்தல. விஷயம் அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அதனால இதைத் தூக்கிக்கிட்டு கவுன்டர்ல வாதாடறதை விட, வம்புக்கு இடம் கொடுக்காம இருக்கிறது நல்லது. கோடைப் படிக்கிறதால எதுவும் கெடாது. ஒயரை வெட்டி லைட் போடறது, வெளியில ட்யூனிங் பண்றது, டீசல் வண்டியில புகைக்கரி வடிகட்டியை எடுத்துடற 'டிபிஎஃப் கட்' பண்றது, இதெல்லாம் வாரன்டியை நாமளே கிழிச்சுப் போடற வேலை. அடாப்டரையும் வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, சொருகியே வச்சா பேட்டரி இறங்கும்.

டீசல்காரங்களுக்கு ஒரு வார்த்தை. டிபிஎஃப் நிறைஞ்சா பி2463 மாதிரி கோடு வரும். ஊருக்குள்ளயே பால் வாங்க, பிள்ளையை ஸ்கூல்ல விடன்னு ஓட்டினா கரி சேர்ந்துக்கிட்டே போகும், எரிஞ்சு சுத்தமாக வாய்ப்பே இருக்காது. அப்பப்ப ரேணிகுண்டா வரைக்கும் ஹைவேயில சீரான வேகத்துல ஒரு ஓட்டம் விட்டா பெரும்பாலும் தானா சுத்தமாகிடும்.

புத்தகத்துல ஒரு பக்கம்

வண்டி வாங்கினப்ப கொடுத்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. பல கம்பெனி புத்தகங்கள்ல சாதாரண வாரன்டியைத் தவிர 'எமிஷன் வாரன்டி'ன்னு தனியா ஒரு பக்கம் இருக்கும். எந்தெந்தச் சாமான், எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்னு அதுலயே போட்டிருக்கும். அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரர் "கன்வெர்ட்டருக்கு எட்டு வருஷம் வாரன்டி உண்டே"ன்னு சொன்னா நம்பிப் போய் நிக்காதீங்க. கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் 8 வருஷம் அல்லது 80,000 மைல்ங்கிறது அந்த நாட்டுச் சட்டம். இங்க உங்க கையில இருக்கிற புத்தகம்தான் சட்டம்.

அந்தப் பக்கத்துல நிபந்தனையும் இருக்கும். சர்வீஸ் நேரத்துக்குச் செஞ்சிருக்கணும், புகைச் சான்றிதழ் காலாவதியாகாம இருக்கணும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிக்கு அந்தச் சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். இல்லாம பிடிபட்டா அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும் போகும். ஆனா அந்தச் சான்றிதழ் இருக்கிறதாலயே வண்டி நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. சைலன்சர்ல குழாயை விட்டு, பிஎஸ்6 பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ள, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ள இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ஓபிடி சாக்கெட்டை யாரும் தொடறதில்லை. மஞ்சள் விளக்கு எரிஞ்சுக்கிட்டே 'பாஸ்' ஆகிற வண்டி நிறைய உண்டு.

ரீகால் வேற கணக்கு. தப்பு உங்க ஒரு வண்டியில இல்லாம அந்த மாடல் முழுக்க இருந்தா கம்பெனியே கூப்பிட்டு சரி பண்ணணும், அதுக்கு வாரன்டி தேதி தடையில்லை. திருப்பதி டிரிப் அடிச்சுக்கிட்டிருந்த டவேராவை மறந்திருக்க மாட்டீங்க. 2005-லிருந்து 2013 வரைக்கும் செஞ்ச 1.14 லட்சம் டவேராவை ஜெனரல் மோட்டார்ஸ் 2013 ஜூலையில திரும்பக் கூப்பிட்டது புகை விவகாரத்துக்காகத்தான். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேர்த்த 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்குக் கெடுதி பண்ற குறைக்காக ரீகால் உத்தரவு போட மத்திய அரசுக்கே அதிகாரம் கொடுக்குது. கம்பெனி வெப்சைட்டுல சேசிஸ் நம்பரைப் போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கங்க.

மறுத்தா என்ன பண்றது

எழுத்துல மறுப்பு வாங்குங்க. தராவிட்டா அதே விஷயத்தை நீங்க ஈமெயில்ல எழுதி, சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்க. அதுக்கும் அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது திருவள்ளூர்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரைக்கும் விலை கொடுத்த பொருளுக்கு அங்கேயே போகலாம். கட்டணம் 5 லட்சம் வரைக்கும் கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய், 20 லட்சம் வரைக்கும் 400 ரூபாய். பிரச்சினை வந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம், வக்கீல் வச்சே ஆகணும்னு இல்லை.

ஆனா அங்கே போய் நிக்கும்போது கையில என்ன இருக்குங்கிறதுதான் கேள்வி. கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், கிலோமீட்டர் மீட்டர் மூணையும் தேதியோட போட்டோ, அப்புறம் ஜாப் கார்டு. இவ்வளவு இருந்தா பேசலாம். பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினாலே பல வண்டியில கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிஞ்சுடலாம், அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அதனால அடுத்த தடவை விளக்கு எரிஞ்சா ஷெட்டுத் தம்பிகிட்ட "அழிச்சுக் கொடு"ன்னு கேட்காதீங்க. "படிச்சு போட்டோ எடுத்துக் கொடு"ன்னு கேளுங்க. அதே இருநூறு ரூபாய்தான் வாங்குவார்.